தலையைப் பிடிக்க ஒரு ஆள்

வாளித் தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார்த்தாள் பாப்பா. சூடு அதிகம். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிட்டு மறுபடியும் முழங்கையை விட்டாள். விரல் சூட்டுக்குப் பழகிப்போனது, அதை நம்பாதே, முழங்கைதான் உள்ளதைச் சொல்லும் என்பாள் அம்மா. பிறந்த குழந்தைக்கும் இறந்தவர்களுக்கும் ஒரே பதத்தில் தண்ணீர் விளாவ வேண்டும். சுடுகிறது என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இது மூன்றாவது வாளி. முதல் இரண்டும் ஆறிப்போய்விட்டன.

பாப்பாவுக்கு முப்பத்திரண்டு வயது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஆனாலும் நாலு மாடி, பதினாறு வீடு உள்ள அந்தக் கட்டடத்துக்கு அவள் இன்னும் பாப்பாதான். அம்மா தையலக்கா. மெஷினைத் தொட்டு இருபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

தையலக்கா விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். கீழ்வீட்டு டாக்டர் வந்து பார்த்து, இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது குளியலறையை ஒட்டிய அறையில், ரப்பர் ஷீட் விரித்த கட்டிலில் படுத்திருந்தாள். வண்டி பதினொரு மணிக்கு வரும். மணி எட்டே முக்கால்.

அம்மாவின் அண்ணன், பாப்பாவுக்கு மாமா, கதவோரம் நின்றார். அத்தை அவருக்குப் பின்னால், மருந்துக் கடையில் வாங்கி வந்த கிளவுஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு தரம் மாட்டிப் பார்த்துவிட்டாள். இரண்டு தரமும் கட்டில் வரை வந்து கழற்றிவிட்டுத் திரும்பிவிட்டாள். பாப்பா அவளைக் குறை சொல்லவில்லை. தனக்கு ஊசி போட்டாலே மயங்கி விழுகிறவள் அத்தை.

"போதும் பாப்பா," என்றார் மாமா. "நல்ல துணியா ஒண்ணு சுத்தி அப்படியே அனுப்பிடலாம். இத்தனை வருஷம் என் தங்கச்சி தலை நிமிர்ந்து இருந்துட்டா. கடைசி நாள்ல, குளிப்பாட்டக்கூட ஒரு ஆள் வரலைன்னு பேச்சு வரக் கூடாது. அதுக்குத்தான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பாள். பாசமாகச் சொன்னதால் வாளியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தனியாகவே செய்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் தோளைத் தூக்கினால் தலை தொங்கிப்போகும். தலையைப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் ஆரம்பிக்காதே, அது அவங்களுக்கு மரியாதை இல்லை என்பது அம்மா போட்ட சட்டம். இந்த விஷயத்தில் சட்டம் போடுகிற இடத்துக்கு அம்மா எப்படி வந்தாள் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். பாப்பாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. செய்தி எப்படியோ படியேறி எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. ஊசி குத்தியிருக்கும், ரத்தம் பட்டிருக்கும் என்று, தைக்கக் கொடுத்த துணிகளையெல்லாம் ஒரே வாரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பாதி வெட்டி வைத்திருந்த சட்டையைக்கூட ஒருத்தி விடவில்லை. மொட்டைமாடியில் எல்லோருக்கும் பொதுவாக நாலு கயிறு. அதில் அம்மாவின் துணி வேண்டாம் என்று பேசி முடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாக ஒரு நைலான் கயிறு கட்டிவிட்டார்கள். முன்னால் நின்று கட்ட வைத்தது எதிர்வீட்டுப் பெரியம்மா.

அம்மா அழுது பாப்பா பார்த்ததில்லை. கயிறு கட்டிய அன்றே கடைக்குப் போய் ஐந்து நீலக் கிளிப் வாங்கி வந்தாள். எப்படி வந்தது என்று துருவுகிறவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "வந்துடுச்சு. டீ குடிக்கிறீங்களா?" டீ என்றதும் துருவினவர்கள் செருப்பைத் தேடுவார்கள். ரெண்டு வருஷம் தாங்கினால் அதிகம் என்று சொன்ன பெரிய டாக்டர் ஒன்பதாவது வருஷம் காலமானார். அம்மா அவர் வீட்டுக்குப் போய், வரிசையில் நின்று வணங்கிவிட்டு வந்தாள். "பாவம், நல்ல மனுஷன். கணக்குலதான் கொஞ்சம் வீக்கு," என்றாள்.

தையல் போன பிறகு ஆஸ்பத்திரியில், அதே நோய்க்காரர்கள் வார்டிலேயே உதவிக்குச் சேர்ந்தாள். அங்கே இறந்தவர்களை அப்போதெல்லாம் யாரும் குளிப்பாட்டுவதில்லை. பிளாஸ்டிக் உறையில் சுற்றி, முடிச்சுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அம்மா அந்த முடிச்சுகளை அவிழ்த்தாள். வெந்நீர், சோப்பு, துண்டு. நகம் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுவாள். பேசிக்கொண்டே செய்வாள். இப்ப கையைத் தூக்கப்போறேன், இப்ப முதுகு, அவ்வளவுதான், முடிஞ்சுது.

அப்புறம் எதிர்வீட்டில் பெரியம்மாவின் மாமியார் இறந்தார். தொண்ணூறு வயது, முதுகெல்லாம் படுக்கைப்புண். சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். பெரியம்மா தையலக்காவின் வாசலில் வந்து நின்றாள். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தலையை நீங்க பிடிக்கணும். உங்க மாமியார்தானே," என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் இரண்டு பேர் கையும் ஒரே வாளிக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அந்தத் தெருவில் பதினேழு பேரை அம்மா குளிப்பாட்டி அனுப்பினாள். எல்லாம் அவர்கள் கூப்பிட்டுப் போனதுதான். கூப்பிடாத வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. ஒரு நாள் மாடியில் பெரியம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு, இந்தப் பக்கக் கயிற்றிலேயே போடலாமே, காலை வெயில் நல்லா விழுது என்றாளாம். எனக்கு அங்கதான் வசதி, அக்கா என்றாளாம் அம்மா. தொட்டிக்குப் பின்னால் மத்தியானம் வரை வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. அத்தனை ராங்கி.

ஒன்பது மணிக்கு அம்மாவின் போன் அலறியது. மாத்திரை அலாரம். ஒரு நாளும் தவறவிடாத ஒன்பது மணி. பாப்பா அதை உடனே நிறுத்தாமல் கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பதினேழு வீட்டில் ஒருத்தராவது வருவார்கள் என்றுதான் வாசல் கதவை விரியத் திறந்து வைத்திருந்தாள். வராமலும் இல்லை. வராண்டா வரை வந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், என்னவாம் என்று மாமாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்கள். ஹார்ட்டு என்று அவர் சொன்னதை நம்பாத முகத்தோடு இறங்கிப் போனார்கள். உண்மை அதுதான். அந்த நோயோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டி ஜெயித்து, கடைசியில் எல்லாரையும் போல மாரடைப்பில் போயிருக்கிறாள் தையலக்கா. அதை நம்பவைக்க ஒரு டாக்டர் சீட்டு போதவில்லை.

எதிர்வீட்டுக் கதவு மட்டும் காலையிலிருந்து திறக்கவே இல்லை.

வாளியில் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது. பாப்பா எழுந்தாள். எங்கே போறே என்று மாமா கேட்கும்போதே வராண்டாவில் இறங்கிவிட்டாள். எதிர்வீட்டுக்கு நாலு எட்டுதான். ஆனால் போய்க் கேட்கிற வழக்கம் தங்கள் வீட்டில் இல்லை. கேட்டால், அம்மா நிமிர்த்தி வைத்திருந்த முதுகைத் தான் வளைத்துவிடுவது போல இருந்தது. கதவைத் தட்டினாள். உடனே திறந்தது.

பெரியம்மா பூப்போட்ட பழைய நைட்டியை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்காலில் பேண்டேஜ் சுற்று. கையில் பிளாஸ்டிக் மக். கதவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது.

"தண்ணி வச்சுட்டியா?"

"மூணு தடவை வச்சுட்டேன், பெரியம்மா."

"அப்ப கூப்பிடறதுக்கு என்ன? ஏழு மணியிலேர்ந்து இந்த ஸ்டூல்லதான் உட்கார்ந்திருக்கேன்."

"நீங்களே வருவீங்கன்னு..."

"கூப்பிடாத வீட்டுக்கு உங்கம்மா போக மாட்டா. அவ வீட்டுக்கு மட்டும் நான் கூப்பிடாம வந்துடணுமா? எழுந்து உட்கார்ந்து கேப்பா, எதுக்கு வந்தேன்னு. தள்ளு, அந்த ஸ்டூலை எடுத்துட்டு வா."

அத்தை கிளவுஸ் பெட்டியை நீட்டினாள். பெரியம்மா அதைத் தொடவில்லை. ஈரத்தில் வழுக்கும், தலை நழுவிவிடும் என்றாள். தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் பின்னந்தலைக்கு அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்தாள். விரல்கள் கழுத்தைத் தாங்கி விரிந்தன; கட்டைவிரல் இரண்டும் காதோரம். அம்மா சொல்லிக்கொடுத்த பிடி.

"அன்னைக்கு என்னைப் பிடிக்க வச்சியே," என்றாள் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து. "இப்ப சொல்லு. சரியாப் பிடிச்சிருக்கேனா?"

பாப்பா முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீரை மொண்டாள். கையைத் தூக்கப்போறேம்மா என்று தன்னையறியாமல் சொன்னாள். இப்ப முதுகு. இப்ப கால். அத்தை கிளவுஸ் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமுடி அலசும்போது பெரியம்மா, "அந்தத் தொட்டிக்குப் பின்னாடி..." என்று ஆரம்பித்தாள். பாப்பா மக்கை வாளியில் அமிழ்த்தியபடி காத்திருந்தாள். பெரியம்மா ஒரு கையை எடுத்து, அம்மாவின் நெற்றியில் வழிந்த சோப்பு நுரையைக் கண்ணுக்குள் போகாமல் கட்டைவிரலால் வழித்துவிட்டாள்.

"ஊத்து," என்றாள்.

வண்டி வந்தபோது அம்மா வெளுத்த உடையில், தலை வாரி, முகம் திறந்து படுத்திருந்தாள். மாடிப்படியில் இறக்கும்போது தலைப்பக்கத்தை மாமா பிடித்தார், யாரும் சொல்லவில்லை. படியில் ஒதுங்கி நின்றவர்களிடம் இந்தத் தடவை அவர் ஹார்ட்டு என்று சொல்லவும் இல்லை.

"என் தங்கச்சி," என்றார். "இருபத்து மூணு வருஷம் இருந்து காட்டிட்டா. வழி விடுங்க."

பாப்பா ஈரத் துணிகளை அள்ளப்போனாள். பெரியம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு, நீ அம்மாகூடப் போ, இதை நான் பாத்துக்கறேன் என்று விரட்டினாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது சாயங்காலம் ஐந்து மணி. துணிகளை எடுக்கலாம் என்று மொட்டைமாடிக்கு ஏறினாள். பொதுக் கயிறு நாலிலும் யார் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் துண்டு இல்லை. தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். சாயங்கால வெயில் அங்கே முழுசாக விழுந்திருந்தது. நைலான் கயிற்றில் இரண்டு துண்டு, அம்மாவின் படுக்கை விரிப்பு, அதை ஒட்டிப் பூப்போட்ட நைட்டி. இருப்பது ஐந்து கிளிப்தானே. பற்றாமல், விரிப்பின் ஓரத்தையும் நைட்டியின் தோளையும் சேர்த்து மடித்து, ஒரே நீலக் கிளிப்பில் மாட்டியிருந்தது.

பாப்பா தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம் போகவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.