கடல் பார்த்த செத்தவீடு

"உது என்ன சத்தம் பிள்ளை? குழந்தையளோ கத்துது?"

பெரியப்பா குணரத்தினம் மொன்றியலிலிருந்து போனில் இப்படிக் கேட்டபோது கஜந்தினி பேர்சே என்ற கடற்கரை ஊரின் இறங்குதுறையில் படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே கடற்காகங்கள் ஒன்றையொன்று துரத்திக் கத்தின. ஒரு கணம் யோசித்தாள்.

"ஓம் பெரியப்பா. ஆஸ்பத்திரியில பிள்ளைப்பேறு வார்ட்டுக்குப் பக்கத்தில நிக்கிறம்."

அருகில் நின்ற கணவன் லக்ஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுடைய அம்மா சிவநேசம் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, வரிசை நகருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

அப்பா நகுலேஸ்வரன் இறந்தது அதற்கு முதல்நாள் காலையில்தான்.

பயணம் முழுக்க அவருடைய ஏற்பாடு. பாண் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்ற மனிதர், பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது சுவரில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். தெருவோரம் முழுக்க ஊதாநிற லூப்பின் பூக்கள், பின்னால் கடல். கஸ்பேசி என்று இடத்தின் பெயர் கீழே போட்டிருந்தது. அதைப் போனில் படம் பிடித்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லாருக்கும் காட்டினார். வாடகைக்கு ஒரு கரவன் எடுத்தார். தமையன் குணரத்தினத்தையும் வரச் சொல்லிக் கேட்டார்.

"பூப் பாக்க ஆரும் ஆயிரம் கிலோமீற்றர் போவினமோ? இஞ்ச பூந்தோட்டத்துக்கு மெற்றோ போகுது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

சிவநேசத்துக்கும் கரவனில் ஏறிய நேரம் தொடக்கம் ஒன்றும் பிடிக்கவில்லை. படுக்கிற இடத்துக்குக் காலடியில் அடுப்பு, அடுப்புக்கு அடுத்தாற்போல் கக்கூசு. "உதென்ன வீடு? கக்கூசும் குசினியும் சேர்ந்து ஓடுது" என்றாள். நகுலேஸ்வரனோ பூவைக் கண்ட இடமெல்லாம் வண்டியை நிறுத்தச் சொன்னார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு பூக்களுக்கு நடுவே நின்று, கஜந்தினியை முன்னால் வா, பின்னால் போ என்று ஆட்டிவைத்துப் படம் எடுப்பித்தார். வழியில் தெரிவது ஆறா கடலா என்று மருமகனோடு விவாதம் வந்தபோது, கரையில் இறங்கிக் கைநிறைய அள்ளிக் குடித்துப் பார்த்தார். "கடல்தான்" என்று துப்பிவிட்டு வந்து ஏறினார். சிவநேசம் மட்டும் ஓரிடத்திலும் இறங்கவில்லை. யன்னல் சீலையை விலக்கி, "ம்" என்பாள். அவ்வளவுதான்.

கடைசியாகத் தங்கிய இடத்தில், காலையில் சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டி, மடிப்புக் கதிரையைப் பூக்களைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே, கரவனுக்குத் தண்ணீர்க் குழாய் பொருத்திக்கொண்டிருந்த லக்ஷனுக்குக் கட்டளை போட்டார். "இடப்பக்கம் திருப்பும் தம்பி. அது இடப்பக்கமோ? உமக்கு இடக்கை எது?"

லக்ஷன் பிழையாகத் திருப்பினான். தண்ணீர் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. ஏச்சு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. சட்டையெல்லாம் நனைந்து, குழாயையும் விட்டுவிட்டு நிமிர்ந்தான். அப்போதும் வரவில்லை. மாமா ஏசாமல் இருந்ததுதான் அவனுக்கு முதலில் பயத்தைத் தந்தது.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர் கஜந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். திடீர் மரணம் என்றபடியால் சில சோதனைகள் முடியவேண்டும். அதற்குப் பிறகுதான் உடலை மொன்றியலுக்குச் சவம் ஏற்றும் வான் வண்டியில் அனுப்புவார்கள். அதுவரை உள்ளே அவரோடு இருக்க முடியாது.

மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் இருந்த அவர்கள் வீட்டில் செத்தவீடு அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. மேல்மாடிக்காரரிடம் திறப்பு வாங்கிக் கதவைத் திறந்த பெரியப்பா, வாடகைக் கதிரைகள் இறக்கி, சோற்றுக்குச் சொல்லி, வாசல் நிறையச் செருப்பும் சேர்த்துவிட்டார். வீட்டுக்காரர்கள்தான் ஒருவரும் இல்லை. அழ வந்த பெண்கள் யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இன்று காலை சிவநேசம் கரவன் அடுப்பில் தேத்தண்ணி போட்டு, இருவருக்கும் நீட்டினாள். "அந்தப் படகு எத்தினை மணிக்கு?" என்றாள்.

"எந்தப் படகு அம்மா?"

"கொப்பர் நாலு பேருக்குப் பதிஞ்சு வச்ச படகு. பறவைத் தீவுக்கு."

கஜந்தினி கோப்பையைக் கீழே வைத்தாள். "அம்மா, எங்களுக்குத் துடக்கு."

"துடக்கு கோயிலுக்குத்தான். கடலுக்கு ஆர் சொன்னது?"

"சனம் என்ன சொல்லும்?"

"சனம் அங்க சாப்பிட்டுக்கொண்டிருக்கு. அந்தாள் குளிருக்குள்ள கிடக்கு. பக்கத்தில இருக்க விடமாட்டினமாம். இந்தப் பெட்டிக்குள்ள குந்தியிருந்து நான் அடுப்பையோ பாக்கிறது? இன்னொருக்கா இந்தப் பக்கம் வரப்போறனோ?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா, தேத்தண்ணிச் சூடா என்று கஜந்தினிக்குத் தெரியவில்லை. "தம்பி, நீங்கள் வண்டியை எடுங்கோ."

லக்ஷன் எடுத்தான். மாமா இருந்திருந்தால் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக் கண்ணாடியைப் பார்த்தான்.

படகில் சீட்டுச் சரிபார்த்த பையன் பெயர்களைப் பார்த்துவிட்டு, நாலாவது ஆள் எங்கே என்று கேட்டான். கஜந்தினிக்கு இந்த நாட்டில் பிறந்து படித்த பிரெஞ்செல்லாம் அந்த நேரம் உதவவில்லை. "வரேல்லை" என்று மட்டும் பிரெஞ்சில் சொன்னாள். அவன் பேனையால் ஒரு கோடு கீறிவிட்டு, நல்ல பயணம் என்று வாழ்த்தினான்.

படகு பேர்சே பாறையைச் சுற்றிக்கொண்டு தீவை நெருங்கியது. தூரத்தில் மலைமுகட்டில் பனி உறைந்திருப்பதுபோலத் தெரிந்ததெல்லாம் பறவைகள். பக்கத்தில் போகப் போக அந்த வெள்ளை முழுவதும் அசைந்தது, கத்தியது, கருவாட்டு மணம் அடித்தது. சிவநேசம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாளாக யன்னல் சீலைக்குப் பின்னால் இருந்தவள்.

அப்போதுதான் போன் மறுபடி அடித்தது. வீடியோ. துண்டிக்கவென்றுதான் கஜந்தினி விரலை வைத்தாள். கடல்நீர் பட்ட விரல் வழுக்கிப் பச்சையில் அழுத்திவிட்டது.

திரையில் பெரியப்பாவின் முகம். அவருக்குப் பின்னால் முழுச் செத்தவீடு. சிவநேசத்தின் முகத்தைச் சனம் பார்க்கட்டும் என்று போனைப் பெரிய டீவியோடு இணைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. டீவியில் அந்த நேரம் வந்தது ஆயிரக்கணக்கான பறவைகள். நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர். அவருக்குப் பக்கத்தில் காற்றில் தலைமயிர் பறக்க, செத்தவரின் பெண்சாதி.

"கஜந்தினி! எங்க நிக்கிறியள்? இதுவோ ஆஸ்பத்திரி?"

லக்ஷன் படகின் மறுபக்கத்துக்கே போய்விட்டான். சிவநேசம் திரும்பி, மகளின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"கடலில நிக்கிறம் அத்தான்."

"மனிசன் செத்து ஒரு நாள்! உனக்கு அழுகை வரேல்லையோ?"

"நேற்று முழுக்க அழுதனான். இண்டைக்குக் காலமையும் அழுதனான். அங்க வந்தாப் பிறகும் அழுவன். இப்ப பாத்துக்கொண்டு நிக்கிறன்."

டீவிக்குள் பறவைகள் கத்தின. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெல்ல வந்தது. "அக்கா, அந்த வெள்ளையெல்லாம் பறவையோ?"

"ஓம். நில்லுங்கோ, காட்டுறன்." சிவநேசம் போனைத் திருப்பினாள்.

"ஐயோ, எவ்வளவு!"

"குஞ்சுகளும் நிக்குது. கீழ பாருங்கோ."

"தள்ளுங்கோ, மறைக்குது" என்று யாரோ யாரையோ அதட்டியது கேட்டது. வாடகைக் கதிரைகள் இழுபட்டன. கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பாவின் குரல் வந்தது, கோபமெல்லாம் வடிந்து.

"மெல்லமாத் திருப்பு பிள்ளை. தலை சுத்துது. அந்தப் பாறை எங்க? ஓட்டையொண்டு இருக்கெண்டு தம்பி சொன்னவன்."

சிவநேசம் பாறையைக் காட்டினாள். ஓட்டைக்குள்ளால் மறுபக்கத்துக் கடல் தெரிந்தது.

"என்னையும் வரச்சொல்லிக் கேட்டவன்" என்றார் பெரியப்பா.

படகு திரும்பியபோது போனின் தொடர்பு தானாக அறுந்துபோனது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அப்பாவை ஏற்றிய சாம்பல்நிற வான் வண்டி புறப்பட்டது. விரும்பினால் பின்னால் வரலாம் என்று அதன் சாரதி சொல்லியிருந்தார். லக்ஷன் கரவனை அதற்குப் பின்னாலேயே விட்டான். வீதி கடலை ஒட்டிப் போனது. மற்றப் பக்கம் ஊதாவும் வெள்ளையுமாகப் பூ. ஒரு மேட்டில் சாரதி வானை நிறுத்தி, கோப்பி வாங்கிவர இறங்கினார்.

சிவநேசமும் இறங்கினாள். கஜந்தினி கூடப் போகக் கதவைத் திறந்தவள், பிறகு இருந்துவிட்டாள்.

அம்மா வானைச் சுற்றிக் கடல் பக்கம் போனாள். அப்பா கிடந்த இடத்துக்கு நேரே இருந்த கறுத்தக் கண்ணாடியில் வழிநெடுக உப்பும் புழுதியும் படிந்திருந்தது. கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்தாள். மூலை மூலையாக, அவசரமில்லாமல், அந்த ஒரு கண்ணாடியை மட்டும் துடைத்தாள்.