வெர்னீஸுக்குத் தேவையில்லாத லைசென்ஸ்

எங்கள் மிசிசிப்பியில் மீன் பிடிப்பதற்குப் பதினாறு வயதிலிருந்து அறுபத்து நான்கு வயது வரைக்கும் லைசென்ஸ் வேண்டும். அறுபத்தைந்து ஆகிவிட்டால் வேண்டாம். வயதையும், இந்த மாநிலத்துக்காரர் என்பதையும் காட்டுகிற ஓர் அட்டை பையில் இருந்தால் போதும். என் மனைவி வெர்னீஸுக்கு அறுபத்தேழு வயது. ஆனாலும் வருடம் தவறாமல் பணம் கட்டி லைசென்ஸ் வாங்கிக்கொண்டிருந்தாள். ஏனென்றால் என்னிடமும் சர்ச்சிலும் அவள் சொல்லி வைத்திருந்த வயது அறுபத்தொன்று.

அந்தப் பொய்க்குக் காரணம் நான்தான். என் முதல் மனைவி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். எட்டு வருடம் என்னைத் திட்டித் திருத்திவிட்டு, திருந்தினது போதாது என்று மெம்ஃபிஸுக்குப் போய்விட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு சர்ச் விருந்தில், வாயில் பாதி மீனை வைத்துக்கொண்டு, இனி என்னைவிட மூத்தவளைக் கட்டினால் என்னைக் கட்டி வைத்து உதையுங்கள் என்று நான் நாலு பேருக்கு நடுவில் சொன்னேன். வெர்னீஸ் பக்கத்து மேஜையில் கோல்ஸ்லா என்கிற கோஸ் சாலட் பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த வாரம் அவளுக்கு ஐம்பத்தாறு. அடுத்த வாரம் ஐம்பது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அவளே எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். சர்ச்சின் கீழ் அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் என்னைப் போன்ற பெரிய ஆட்களுக்கு அவள் வகுப்பு எடுத்தாள். எண்கள் எனக்கு எப்போதும் தெரியும், கெளுத்தி மீன் ஆலையில் எடை பார்க்கிறவன் நான். எந்த எண் எதற்கு என்று சொல்கிற எழுத்துதான் தெரியாமல் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியபோது அவள் கைப்பை கவிழ்ந்து, டிரைவிங் லைசென்ஸ் என் காலடியில் விழுந்தது. அவள் கவனிக்காமல் இறங்கிக் கடைக்குள் போன பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். 'பிறந்த தேதி' என்று இருந்தது. யாருடைய உதவியும் இல்லாமல் நானாகப் படித்த முதல் சங்கதி அதுதான். படித்துவிட்ட சந்தோஷத்தில், கணக்கு என் மண்டையில் ஏறுவதற்குப் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஆனது.

அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டேன். எதுவும் கேட்கவில்லை. அவள் ஒளித்து வைத்த பொருள், அவளாக எடுக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அதோடு, அந்த விருந்தில் நான் பேசினதை நானே எப்படித் திரும்ப எடுப்பது?

அப்படியே போயிருக்கும். இந்த வருடம் குளோவிஸ் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

குளோவிஸ் எங்கள் ஏரிச் சாலையில் தூண்டில் கடை வைத்திருப்பவன். இவ்வளவு நாளும் லைசென்ஸைக் கார்பன் தாள் வைத்துக் கையால் எழுதிக் கொடுத்தான். சொன்ன தேதியை எழுதுவான். வெர்னீஸ் என்னைப் புழு வாங்கப் பின்பக்கம் அனுப்பிவிட்டுத் தன் வேலையை முடித்துவிடுவாள். நானும் புழுவை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துவிட்டு மெதுவாக வருவேன். இப்போது டிரைவிங் லைசென்ஸ் நம்பரைத் தட்டினால் மாநிலத்தின் மெஷினே தேதியைத் தேடி எடுத்துக்கொள்கிறது.

அன்றைக்குச் சனிக்கிழமை காலை. வரிசையில் ஏழெட்டுப் பேர். வெர்னீஸுக்கு நேர் பின்னால் ஏர்லீன் ஸ்டோக்ஸ். சர்ச் வாசலில் நின்று ஆட்களை உட்கார வைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. யாரும் கேட்காமலே தனக்கு அறுபத்திரண்டு என்று சொல்லிக்கொள்கிற பெண்மணி. படகு மோட்டார் சத்தத்தில் முக்கால் காது போனவன் குளோவிஸ். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"மிஸ் வெர்னீஸ், மெஷின் உங்களுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டேங்குது" என்றான். கடை முழுக்கக் கேட்டது.

"ஏன் சிஸ்டர், அப்படி என்ன தப்பு பண்ணீங்க?" என்றாள் ஏர்லீன்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லை. இவங்களுக்குத் தேவையே..." என்று குளோவிஸ் ஆரம்பித்தான்.

"குளோவிஸ், உன் மெஷின் ரிப்பேர்" என்றாள் வெர்னீஸ்.

குளோவிஸுக்குக் காதுதான் மந்தம். மூன்று பெண்டாட்டிகளோடு குடித்தனம் செய்த மனிதன், அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். ஆமாம், காலையிலிருந்தே மக்கர் பண்ணுகிறது என்றான். ஏர்லீன் வழி விட்டாள், அடுத்து நான் போய் நின்றேன். அதே மெஷினில் இரண்டு நிமிடத்தில் என் லைசென்ஸ் வந்து விழுந்தது. ஏர்லீன் தூண்டில் இரைக்கு ஒரு டப்பா சிள்வண்டு மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அவள் லைசென்ஸ் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இதில் அவசரம் என்னவென்றால், அடுத்த சனிக்கிழமை சர்ச் பெண்களின் பிரிம் மீன் போட்டி. போன வருடம் கோப்பை வெர்னீஸுக்கு. அதற்கு முந்தின வருடம் ஏர்லீனுக்கு. எங்கள் ஏரிக்கரையில் கூட்டம் கூடினால் மீன் பிடிப்பவர்களைச் சோதிக்கிற அரசாங்க வார்டன் வந்தே தீருவான், வந்தால் லைசென்ஸ் கேட்பான். போகாமல் இருந்துவிடலாம் என்றால், வெர்னீஸுக்கு வயதாகிவிட்டது, முடியவில்லை போல என்று ஏர்லீன் ஊர் முழுக்கச் சொல்வாள். அறுபத்தேழு என்று தெரிவதைவிட அது மோசம்.

மறுநாள் காலை வெர்னீஸ் சமையலறை மேஜையில் அரசாங்கத்தின் விதிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒருத்தருக்காகப் பார்க்கிறேன் என்றாள். நானும் அந்த ஒருத்தருக்காகக் கவலைப்பட்டேன்.

"லெம், சுதந்திர தினத்தன்னைக்கு யாருக்கும் லைசென்ஸ் வேண்டாமாம்."

"போட்டி ஜூன்லயில்ல வருது."

"சொந்த நிலத்துல இருக்கற தண்ணின்னா வேண்டாமாம்."

எங்கள் சொந்த நிலத்தில் இருக்கும் தண்ணீர், வீட்டுக்குப் பின்னால் குழாய் ஒழுகித் தேங்கும் இடம். நாய்கூட அதில் குடிக்காது. அதைச் சொன்னேன். அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"கண்ணு தெரியாதவங்களுக்கு வேண்டாம்னு போட்டிருக்கு" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கண்ணு தெரியலைன்னா ஏர்லீன் தொப்பியை யார் குறை சொல்றது?" என்றேன்.

புத்தகத்தை மூடிவிட்டாள். அறுபத்தைந்துக்கு மேல் என்ற வரி அதே பக்கத்தில்தான் இருந்தது. அதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. நான் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டேன், ஆனால் உதட்டை அசைக்கவில்லை. அதையும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

போட்டியன்று கரையில் பதினைந்து பெண்கள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். புருஷன்மார்களுக்கு ஐஸ் பெட்டி தூக்குகிற வேலை. வெர்னீஸ் லைசென்ஸ் இல்லாமல் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்தாள். பத்தடி தள்ளி ஏர்லீன், தலையில் கோழிக் கொண்டை மாதிரி இறகு வைத்த தொப்பி. ஐந்து நாள் ஆலையில் செத்த மீனோடு நின்ற காலை நீட்டி, நான் வெர்னீஸ் பக்கத்தில் சார்டின் டப்பாவைத் திறந்து பிஸ்கட்டில் வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். எட்டு மணிக்கே அவள் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பிரிம் பிடித்துவிட்டாள். ஏர்லீனுக்கும் இரண்டு.

ஒன்பதரைக்கு வார்டனின் வண்டி வந்தது. புதுப் பையன், பெயர் மூடி. சட்டை மடிப்புகூடக் கலையவில்லை. முதலில் என்னிடம் கேட்டான். காட்டினேன். அடுத்து வெர்னீஸ் பக்கம் திரும்பினான்.

வெர்னீஸ் என்னைப் பார்த்தாள். ஏர்லீனைப் பார்த்தாள். ஏர்லீனின் நாற்காலி எப்படியோ மூன்றடி நகர்ந்து பக்கத்தில் வந்திருந்தது.

"லைசென்ஸ் இல்லை. அபராத டிக்கெட் எழுதிடுங்க" என்றாள் வெர்னீஸ்.

"ஒருவேளை மேடமுக்கு லைசென்ஸ் தேவைப்படாம இருக்கலாம்..."

"தேவைதான். எழுதுங்க."

அவன் புத்தகத்தை எடுத்தான். பேனாவைத் திறந்தான். "பேரு சொல்லுங்க மேடம். பொறந்த தேதியும்."

"டிக்கெட்டுக்கு எதுக்குப் பொறந்த தேதி?"

"கட்டம் போட்டிருக்காங்களே மேடம்."

வெர்னீஸ் அந்த மாதிரி முழித்து நான் பார்த்ததில்லை. வகுப்பில் எங்களை எழுந்து படிக்கச் சொன்னால் நாங்கள் அப்படித்தான் முழிப்போம். அட்டையைக் காட்டினால் சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லை. தொண்டையில் நிற்கிற முள் நான்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் பக்கத்தில் இருக்கும்வரைக்கும் அவள் கை பைக்குள் போகாது.

"ஐஸ் தீர்ந்துபோச்சு. வண்டில இருந்து கொண்டாரேன்" என்று எழுந்தேன்.

ஐஸ் பெட்டி மூடாத அளவுக்கு நிறைந்திருந்தது. வார்டன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேனாவை மூடினான். நான் அறுபது தப்படி நடந்து, வண்டியின் பானெட்டைத் தூக்கி, அதற்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டேன். இடுக்கு வழியாகப் பார்க்கத்தான் செய்தேன். அதுகூட இல்லாமல் எப்படி?

வெர்னீஸ் பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள். எழுத்து தெரியாதபடி கவிழ்த்து நீட்டினாள். ஏர்லீன் கழுத்தை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து வார்டன், வாங்கின அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஏர்லீன் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான். அவளிடமும் கேட்காமல் விடுவானா? ஏர்லீன் சுருங்கிப்போனாள். தொப்பியைச் சரி செய்தாள். சிள்வண்டு டப்பாவைத் திறந்து மூடினாள். கடைசியில் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அவளும் கவிழ்த்து நீட்டினாள்.

அவன் இரண்டையும் பார்த்தான். தொப்பியைத் தொட்டு மரியாதை செய்தான். ஆளுக்கொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தான்.

இரண்டு பேரும் கையில் வந்த அட்டையைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ஏர்லீன் மெதுவாக எழுந்து மூன்று எட்டு வைத்து வந்தாள். அட்டைகள் கை மாறின. அதன் பிறகு ஏர்லீன் தன் நாற்காலியை இழுத்து வெர்னீஸ் பக்கத்திலேயே போட்டுக்கொண்டாள்.

வார்டன் என்னைத் தாண்டிப் போகும்போது, வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டான். வண்டியில் ஒன்றும் இல்லை என்றேன்.

"ரெண்டு மேடமோட அட்டையையும் மாத்திக் குடுத்துட்டேன் போல இருக்கு. திரும்பிப் போய் சாரி சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம் தம்பி. அப்படியே போயிடு. கொஞ்சம் வேகமாவே போ" என்றேன்.

நான் ஒரு பை ஐஸோடு திரும்பி வந்தபோது வெர்னீஸ் முன்பைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஏர்லீனின் அட்டையில் இருந்த வயது அவளுடையதைவிட இரண்டு மூன்று வருடமாவது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு அப்படி நிமிராது. கடைசியில் ஏர்லீனின் மீன் ஒரு விரல் நீளம் ஜாஸ்தி என்று கோப்பையை அவளுக்குக் கொடுத்தார்கள். வெர்னீஸ் முதல் ஆளாகக் கை தட்டினாள்.

"வாழ்த்துக்கள் சிஸ்டர். உங்களுக்கு இருக்கற அனுபவம் எங்களுக்கு எங்க வரும்?" என்றாள்.

ஏர்லீன் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பதில் சொல்லாமல் சிரித்தாள். ஏர்லீன் பதில் சொல்லாமல் விட்டதை எங்கள் சர்ச்சில் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் வெர்னீஸ், ஏர்லீன் ஒன்றும் அவ்வளவு கெட்டவள் இல்லை என்றாள். நானும் இல்லை என்றேன்.

செப்டம்பரில் எனக்கு அறுபத்தைந்து முடிந்தது. லைசென்ஸ் தாளை மடித்து டிராயரில் போட்டுவிட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் அதே கரையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இறங்கி, மரக்கட்டைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பாவம், நீ இன்னும் நாலு வருடம் பணம் கட்ட வேண்டும் என்று அவளைச் சீண்டினேன். என்ன செய்வது, சட்டம் அப்படி இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டாள். மேட்டில் வார்டன் மூடியின் வண்டி வந்து நின்றது.

எனக்குக் கொஞ்சம் படபடப்புதான். லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கிற முதல் நாள். மேல் சட்டைப் பையைத் தடவினேன், பேன்ட் பையைத் தடவினேன்.

வெர்னீஸ் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பதறாதே லெம். அட்டையைக் கவுத்துக் குடு, தேதியை மட்டும்தான் பார்ப்பாங்க. பேசவே வேணாம். திருப்பிக் குடுக்கறப்போ மட்டும் உன்னுதுதானான்னு பார்த்து வாங்கிக்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். தூண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மிதவையையே பார்த்தாள். மிதவை அசையவில்லை.

வார்டன் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தான். நான் புழு டப்பாவை எடுத்து, அதில் நல்ல கொழுத்ததாக ஒன்றைத் தேடி எடுத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"இந்தா, உன் முள்ளுல புழு போயிருக்கும் பாரு" என்றேன்.

வாங்கிக்கொண்டாள்.