தரையில் நீச்சல்

கம்பளக் கடைக்காரர் இன்னொரு மாதிரித் துண்டையும் விரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அதில் படிக்க ஒன்றும் இல்லை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலையிலிருந்து ஈரத்துணி தூக்கிய கைகள் மேசைமேல் சும்மா கிடந்தன.

"மெத்துனு இருக்கு பாரும்மா. நாயும் பிள்ளைங்களும் இருக்கிற வீட்டுக்குன்னே வந்த சரக்கு."

"மெத்துனு இருந்தா போதுமாண்ணே? நாலு வருஷம் நிக்கணும்ல."

துண்டை எடுத்து முதுகுப்பக்கமாக மடித்தாள். மடிப்பில் நூல்கள் விலகி அடித்துணி தெரிந்தது.

"பல்லை இளிக்குது" என்றாள்.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சரி, உன்கிட்ட வேஷம் பலிக்காது" என்று உள்ளே போய் இரண்டு துண்டுகளோடு வந்தார். ஒன்றில் நூல் வளையம் வளையமாக நின்றது. கட்டி, மலிவு, பிள்ளைகள் குதித்தாலும் அமுங்காது. "ஆனா இதுல நாய் நகம் மாட்டுச்சுன்னு வை, ஒரு நூலை இழுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போயிடும்." மற்றது நுனி வெட்டிய குட்டை நூல், நெருக்கமான நெசவு, சேறும் சாம்பலும் கலந்த நிறம். மடித்துப் பார்த்தாள். இளிக்கவில்லை. விலைதான் கடித்தது.

"நாய் இருக்கா, இல்லையா? அதச் சொன்னா நான் எதுன்னு சொல்லிடுவேன்" என்றார் அவர்.

நாய் இருக்கிறது. இனியும் இருக்குமா என்பதுதான் அவளுக்கே தெரியவில்லை.

கீழ்வீட்டில் இருப்பவள் இரவுப்பணி நர்ஸ். பகலில் தூங்க வேண்டியவள். மேலே எப்போதும் ஏதோ கரகரவென்று சத்தம் வருகிறது, மண்டையைப் பிறாண்டுகிறது என்று வீட்டுக்காரரிடம் போய் அழாத குறை. வீட்டுக்காரர் வந்து, "சத்தம் போகணும், இல்லன்னா நாய் போகணும். இந்த வாரத்துக்குள்ள" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்குக் காலுறை மாட்டிப் பார்த்தார்கள். நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார்கள். கீழேயிருந்து துடைப்பக்கட்டை கூரையை இடிப்பது நிற்கவில்லை. நாய் போனாலும் பிள்ளைகள் ஓடும் சத்தத்துக்குக் கம்பளம் வேண்டும் என்றுதான் கடைக்கு வந்திருந்தாள்.

நாய் அவள் கணவனோடு வந்தது, கல்யாணத்துக்கு முன்பே அவன் வளர்த்தது. வீட்டில் யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு, குறை கண்டுபிடித்ததுபோலச் செருமும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். இப்போது வயதாகிவிட்டது. அங்கங்கே நனைத்துவைக்கிறது. ஊராரின் அழுக்கைத் துவைத்துவிட்டு வந்து அதையும் அவள்தான் துடைக்கிறாள். அலுப்பு எலும்பு வரைக்கும் இறங்கியிருந்த ஒரு மாலையில் நாத்தனாருக்கு அவளே போன் செய்தாள். நாத்தனார் வீட்டு வண்டிப் பட்டறையில் காவலுக்குக் கட்டிப்போடலாம் என்றாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். கணவனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு சுமையாகத்தான் இருந்தது.

"ரெண்டையும் குடுங்கண்ணே, வீட்டுல போட்டுப் பாத்துட்டு வரேன்."

மிதியடி அளவில் இரண்டு துண்டுகள். படியேறும்போது அதுவே கனத்தது.

வீட்டில், பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்த கணவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்திருந்தான். மூலையில் மேனேஜர் எழ முயன்றது. வழவழப்பான தரையில் பின்னங்கால்கள் இரண்டும் வழுக்கி, விரிந்து, நகங்கள் கரகரவென்று ஓடின.

"மேனேஜர் நீச்சல் அடிக்குது!" என்று சின்ன மகள் கத்தினாள். அந்த வழுக்கலுக்கு மகள் வைத்த பெயர் அது. எப்போதும் சிரிப்பதுபோல எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவன் தன் பங்குக்குத் தரையில் படுத்துக் கையைக் காலை அடித்துக் காட்டினான். கீழேயிருந்து டொக், டொக்.

அவள் துண்டுகளை விரித்தாள். நாய் வந்து இரண்டையும் மோந்தது.

"ஆய்வுக்கு வந்துட்டாருடோய்" என்றான் கணவன்.

வளைய நூலை விட்டுவிட்டுச் சேற்று நிறத்தின்மேல் போய் மேனேஜர் படுத்தது. அவள் சமையலறைக்குப் போனாள். தட்டின் சத்தம் கேட்டதும் நாய் எழுந்து அவள் காலடிக்கு வந்துவிட்டது.

"அம்மா, மேனேஜர் நீச்சலே அடிக்கல" என்றாள் மகள், ஏமாந்த குரலில்.

கையில் தட்டோடு அவள் அப்படியே நின்றாள். பிறகு கூடத்துக்கு வந்து, துண்டைச் சுருட்டிவிட்டு, நாயை வெறுந்தரையில் படுக்கவைத்தாள். தட்டைக் காட்டினாள். கால்கள் வழுக்கின. கரகர. ஒரு முறை, இன்னொரு முறை. கீழேயிருந்து உடனே டொக்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஓடியது பிள்ளைகள், பிறாண்டியது நாயின் குறும்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்கள். அது எழுந்து நிற்கப் பாடுபட்டிருக்கிறது. அவளுக்கும் காலையில் படுக்கையிலிருந்து எழுவது அப்படித்தான் இருந்தது. ஆனால் அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

பிள்ளைகள் தூங்கப் போனபின் அவள் கணவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க அக்காகிட்ட நாயை அனுப்புறதா சொல்லிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை."

"தெரியும். அக்கா அன்னிக்கே போன் பண்ணிட்டா."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். "துடைக்கிறது நீ. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறது?"

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போனாள். "நாய் இருக்குண்ணே" என்றாள். சேற்று நிறத்தில் கூடம் முழுவதற்கும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. சுருளின் கடைசி மிச்சம் ஒன்று கிடந்தது, நீளமாக, அகலம் குறைவாக. கடைக்காரர் விலையைத் தணித்தார். கம்பளத்துக்கு அடியில் போடும் விரிப்பு மெத்தை ரகமாக வேண்டாம், மெல்லிசாக, கெட்டியாக, ஈரம் இறங்காததாக வேண்டும் என்றாள். நாயின் மூலையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வழியாக வாசல் வரைக்கும் ஒரு பாதைபோல அந்தக் கம்பளம் விழுந்தது. மீதிக் கூடம் வெறுந்தரையாகவே இருந்தது.

சனிக்கிழமை கீழ்வீட்டு நர்ஸ் மேலே வந்தாள். தூங்கி எழுந்த முகம்.

"நாயை அனுப்பிட்டீங்களா?" என்றாள் மெதுவாக. "ரெண்டு நாளா நல்லாத் தூங்கினேன். ஆனா மனசு ஒரு மாதிரி இருக்குங்க. நாந்தான் அதைத் துரத்திட்டேனோன்னு."

அவள் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள். மேனேஜர் தலையைத் தூக்கியது, எழுந்தது, ஓசையில்லாமல் பாதையில் நடந்து வந்து நர்ஸின் செருப்பை மோந்து செருமியது.

"அடப்பாவி, இங்கதான் இருக்கியா! அப்ப அந்தக் கரகர?"

"அது நீச்சல். இப்ப அடிக்காது" என்றாள் சின்ன மகள்.

நர்ஸுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினாள். "வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்று இறங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், பாதையின் நடுவில் புதிதாக ஓர் ஈரவட்டம். மேனேஜர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவள் பெருமூச்சு விட்டு வாளியை எடுத்தாள். கணவன் எழுந்துவந்து துணிக்குக் கை நீட்டினான்.

"நீங்க போட்டுத் தேய்ச்சிடுவீங்க. தேய்ச்சா நூல் பிரிஞ்சிடும். ஒத்தி எடுக்கணும்."

"காட்டு, ஒத்துறேன்."

இருவரும் முட்டிபோட்டு உட்கார்ந்து, துணியை அழுத்தி, எடுத்து, மறுபடி அழுத்தினார்கள். மஞ்சள் கறை மெல்லத் துணிக்கு ஏறியது.

"நாய் வரலைன்னு உங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள், தலை நிமிராமல்.

"ம்."

அவள் துணியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அவன் அழுத்திக்கொண்டிருந்தான்.