இரண்டு மணி நேரம் முன்னதாக

மனித குலத்தின் துயரங்கள் அனைத்துக்கும் மூல காரணம் ஒன்றே: தாமதமாகக் கிளம்புவது. போரும் பஞ்சமும்கூட, எங்கோ யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் பத்து நிமிடம் பிந்திப் புறப்பட்டதால் வந்தவைதான். சாலைத் துறையின் விடுமுறைக்காலப் பயண ஆலோசகர் இதை உறுதியாக நம்பினார். கேட்க ஆள் கிடைத்தால் விளக்கவும் செய்தார். துறையில் அவருக்கு ஒரு மேசை, ஒரு சுவர் நிறைய வரைபடம், மின்விசிறியின் காற்று எட்டாத ஒரு நாற்காலி. தொடர் விடுமுறை வந்தாலும், பெரிய ஆட்டமோ ஊர்வலமோ வந்தாலும், எந்தச் சாலையில் எப்போது போகலாம் என்று அவர் எழுதும் அறிவிப்பு செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில், காணாமல் போன நாய்க்குப் பக்கத்தில் வரும்.

வீட்டில் அவருக்கு இருந்த மரியாதை அந்த நாயைவிடக் கொஞ்சம் கம்மி. குடும்பத்தோடு எங்கே போவதாக இருந்தாலும் நான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதி, அடியில் ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்று போட்டு, காரில் ஏறுகிற அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்குவார். மாமியாரிடம்கூட வாங்கியிருக்கிறார். அந்த அம்மாள் கைநாட்டு வைத்தாள். எழுதத் தெரியாமல் இல்லை, கோபம்.

திட்டம் எதுவானாலும் சட்டம் ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். இப்படித்தான் ஒரு கல்யாணத்துக்கு, மண்டபம் திறப்பதற்கு முன்பே போய் நின்றார்கள். கதவைத் திறக்க வந்த ஆள் இவர்களை வேலைக்கு வந்தவர்கள் என்று நினைத்து, ஆலோசகரின் மனைவி கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டான். பட்டுப்புடவையோடு அவள் பாதி மண்டபத்தைப் பெருக்கிய பிறகுதான் பெண் வீட்டார் பார்த்துப் பதறினார்கள்.

அன்றைக்கு அவள் ஒரு முடிவு எடுத்தாள். அடுத்த பதினோரு வருஷமும், எந்த விசேஷம் என்றாலும் அவரிடம் இரண்டு மணி நேரம் கூட்டித்தான் சொன்னாள். பத்து மணிக் கல்யாணம் பன்னிரண்டு மணிக் கல்யாணம் ஆனது. அழைப்பிதழ்கள் அரிசிப் பானைக்குள் போயின. ஆலோசகர் சரியாகப் பத்துக்குப் போய் இறங்குவார். ஊரே அங்கே இருக்கும். அவர் உட்கார்ந்த கையோடு நிகழ்ச்சியும் தொடங்கிவிடும்.

“பார்த்தியா? எல்லாரும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே வந்துட்டாங்க. சொல்லிச் சொல்லித் திருத்திட்டேன்.”

“ஆமாங்க. ஊரையே திருத்திட்டீங்க.”

அவர்களுடைய ஒரே மகள் வேறு ஊரில் தங்கி வேலை பார்த்தாள். இப்போது குளிர் தேசம் ஒன்றில் மூன்று வருஷ வேலை கிடைத்திருந்தது. இடையில் லீவு கிடையாது. விமானம் ஏறுவதற்கு முன் விமான நிலைய வாசலில் ஒரு மணி நேரம் சந்திக்கலாம் என்று ஏற்பாடு. ஆலோசகர் கடை கடையாக ஏறி அவளுக்கு ஒரு கம்பளிக் கோட்டு வாங்கியிருந்தார். ஒரு சுற்றுப் பெரிசு. அதை அவள் போட்டுப் பார்ப்பதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அந்தப் பயணத்தில் அவருக்கு வேறு ஆசை இல்லை.

நாள்தான் மோசம். நான்கு நாள் விடுமுறையின் முதல் நாள். போதாததற்கு வழியிலிருக்கும் ஊரில் கால்பந்து இறுதி ஆட்டம்.

“விமானம் எத்தனை மணிக்குன்னு பார்க்கலையா?” என்றாள் மனைவி, ஆழம் பார்க்க.

“ஆகாயம் என் துறை இல்ல. வாசல்ல எத்தனை மணிக்கு நிக்கணும்? அதைச் சொல்லு.”

மகள் அவளிடம் சொல்லியிருந்தது இரண்டு மணி. “நாலுங்க,” என்றாள்.

“அப்போ நாம ரெண்டுக்கு அங்க.”

“ரெண்டுக்குப் போயிடலாம்,” என்றாள் அவள், பால் வார்த்த வயிற்றோடு.

காலை எட்டுக்குக் கிளம்பினார்கள். அதற்கு முன் கைபேசிகள் இரண்டும் அணைக்கப்பட்டு டாஷ்போர்டு அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. அதுவும் திட்டத்தில் உண்டு. கைபேசியில் வழி சொல்லும் பெண்குரல் ஒருமுறை அவரை மூன்று தடவை வண்டியைத் திருப்பச் சொன்னது. பதிலுக்குப் பதில் பேசிப் பார்த்தார். அது தன் நிலையில் பிடிவாதமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் காரில் அதற்கு வாய் கிடையாது.

பிரதான சாலையை விட்டுக் கல்குவாரிப் பக்கமாக வளைத்துப் போனார். அவர் திட்டம் பலித்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஸ்டேடியம் பாலத்தில் கொடியும் சாயம் பூசிய முகமுமாகக் கூட்டம் திரளத் தொடங்கியபோது இவர்கள் அதைத் தாண்டியிருந்தார்கள். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பஸ்கள் ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்து நின்றன.

“ஏழாம் பக்கம் படிக்காதவங்க,” என்றார் இரக்கத்தோடு.

விமான நிலையத்துக்குக் கொஞ்ச தூரமே இருக்கும்போது ஒரு மர நிழலில் வண்டியை நிறுத்தினார்.

“ஏங்க நிறுத்திட்டீங்க?”

“ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் கையில இருக்கு. ரெண்டுன்னா ரெண்டு.”

“முன்னாடியே போனா என்ன, முட்டியா தேஞ்சிடும்?”

“நீ கையெழுத்துப் போட்டிருக்க.”

அவளும் விட்டுவிட்டாள். அவள் கணக்குப்படி மகளே இரண்டுக்குத்தான் வருவாள். இருக்கையைச் சாய்த்துக் கண் அயர்ந்தாள். அவர் முன்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு விளக்குகளைத் துடைத்தார்.

சரியாக இரண்டுக்கு வாசலில் நின்றார்கள். மகளைக் காணவில்லை. கால் மணி ஆனது.

“எதுக்கு இப்படி அலையுற? இன்னும் நேரம் கிடக்கு,” என்றார் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி. அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு காருக்குப் போய்க் கைபேசியை உயிர்ப்பித்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். பதினேழு தவறிய அழைப்புகள். பதறிப்போய் மகளைக் கூப்பிட்டாள். அவருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அம்மா! எங்கதான் இருக்கீங்க? ஒரு மணிக்கே உள்ள வந்துட்டேன். இனிமே வெளிய விட மாட்டாங்க.”

“நீதானடி ரெண்டுன்னு சொன்ன?”

“அது அப்பாவுக்காகச் சொன்னதும்மா! பன்னெண்டுன்னு சொன்னா பத்துக்கே வந்து, வண்டி நிறுத்துறவனுக்கெல்லாம் பாடம் எடுப்பாரு. ரெண்டுன்னு சொன்னா கரெக்டா பன்னெண்டுக்கு வந்து நிப்பீங்கன்னு நெனைச்சேன்.”

“பாவி! நானும் ரெண்டு கூட்டித்தானே அவர்கிட்ட நாலுன்னு சொன்னேன்!”

விமான நிலையத்து அறிவிப்பு மட்டும் போனுக்குள் கேட்டது.

“எதைக் கூட்டின?” என்றார் ஆலோசகர்.

மனைவி புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள்.

“எத்தனை நாளா?”

“துடைப்பத்துலேர்ந்து,” என்றாள் மனைவி.

அவர் காரின் மீது சாய்ந்துகொண்டார். மைத்துனன் கல்யாணம், பக்கத்து வீட்டுப் புதுமனை, மகளின் பட்டமளிப்பு. ஒவ்வொன்றிலும் ஊரே முன்னதாக வந்து உட்கார்ந்திருந்ததே, அது திருந்திய ஊர் இல்லை. பதினோரு வருஷத்தில் அவர் ஒரு இடத்துக்குக்கூட முன்னதாகப் போனதில்லை. ஊரில் எல்லாரையும் போல, சொன்ன நேரத்துக்குப் போயிருக்கிறார்.

“அம்மாவும் பொண்ணும் சேர்ந்துகிட்டு என்னை…”

“சேரலைப்பா,” என்றாள் மகள். “சேர்ந்திருந்தா இப்போ உங்களைப் பார்த்திருப்பேன்.”

அவர் கோட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“கோட்டு வாங்கினீங்கன்னு அம்மா சொன்னாங்க.”

“கையிலதான் இருக்கு.”

“பரவால்லப்பா. அங்க போய் வாங்கிக்கறேன்.”

“அளவு பார்த்து வாங்கு,” என்றார். இணைப்பு போனது.

மர நிழலில் நிற்காமல் வந்திருந்தால் பன்னிரண்டு ஐம்பதுக்கு வாசலில் இருந்திருப்பார்கள். பத்து நிமிடம் கிடைத்திருக்கும். கோட்டுப் போட்டுப் பார்க்க அது போதும். அவருக்கு அது தெரியும். மனைவிக்கும் தெரியும். கூட்டாமலும் குறைக்காமலும், சொல்லிக்காட்டாமலும் அன்று அவள் விட்டுவைத்தது அந்த ஒரு கணக்கைத்தான்.

திரும்பும் வழியில், வீட்டுத் தெரு முனையில் மட்டும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“ஆபீஸ்ல ஒருத்தன்கூட இதுவரைக்கும் என்கிட்ட இப்படி நடந்துகிட்டதில்ல.”

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விடுமுறை முடிந்த மறுநாள் நகரின் மறுகோடியிலிருந்த தலைமை அலுவலகத்தில் கூட்டம். பதினொன்றரைக்கு என்று தட்டச்சர் சொல்லியிருந்தார். ஆலோசகர் ஒன்பதரைக்குப் போனார். எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.