ஓட்டுத்தூள்

சனிக்கிழமை டாக்டர் லிஸ்கர் வெட்டி வைத்திருந்த முட்டைகளைத் திங்கட்கிழமை காலையில் பார்த்ததும் பெர்னி ஃபாலனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாஸ்டனில் எத்தனையோ குழந்தைகளின் வயிற்றைத் திறந்து தைத்து வீட்டுக்கு அனுப்பிய சர்ஜன். அவருக்கு ஒரு கோழிமுட்டை ஓட்டில் தபால்தலை அகலத்துக்கு ஜன்னல் வெட்ட வரவில்லை! எலி கடித்த மாதிரி விளிம்பெல்லாம் பல் பல்லாக இருந்தது. தங்கை குழந்தையின் ஞானஸ்நானத்துக்கென்று அவள் ஒரே ஒரு நாள் லீவு போட்டதற்கு இதுதான் பலன்.

அவள் வெட்டினால் அப்படியா இருக்கும்? இருபத்திரண்டு வருஷம் கோட்டு ஃபாக்டரியில் பொத்தான் துளை தைத்த கை. ஃபாக்டரியை மூடிய பிறகு, இந்த ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவத்தான் வந்தாள். ஒரு வருஷத்துக்குள் முட்டை வேலை முழுக்க அவள் கைக்கு வந்துவிட்டது. மற்ற மாடிகளிலிருந்து ஆட்கள் வந்து அவள் வெட்டுவதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். வெட்டி முடித்ததும் நகம் தேய்க்கும் அரத்தை எடுத்து ஜன்னல் விளிம்பைச் சுற்றிலும் மழமழவென்று தேய்த்துவிடுவாள். பிசிறு விட்ட வேலையைக் கையை விட்டு அனுப்புவது அவளுக்கு ஆகாது.

வேலை இவ்வளவுதான். குஞ்சு வளர்கிற முட்டையில் ஜன்னல் வெட்டினால் உள்ளே மெல்லிய சவ்வு தெரியும். அதன்மேல் கடுகளவு புற்றுக்கட்டியை வைத்து ஜன்னலை ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், சவ்வின் ரத்தக்குழாய்கள் போகிற வழியை விட்டுத் திரும்பிக் கட்டியை நோக்கி ஓடி வந்திருக்கும். கட்டிதான் அவற்றைக் கூப்பிடுகிறது என்பது லிஸ்கரின் கட்சி. அந்தக் கூப்பாட்டை அடக்கிவிட்டால் ரத்தம் வராது, ரத்தம் வராவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நம்பத்தான் ஆள் இல்லை. நோய்க்கூற்றியல் பிரிவின் தலைவர் விட்கோம் கேன்டீனில் நாலு பேர் காதில் விழும்படியே சொன்னார்: "புண்ணுன்னா சுத்தியும் சிவக்கத்தான்யா செய்யும். இதுக்கு எதுக்கு டஜன் டஜனா முட்டை?"

அவருக்குப் பதில் சொல்லத்தான் பாதி முட்டைகளில் வேகவைத்த கட்டியை வைத்தார்கள். செத்த கட்டி யாரையும் கூப்பிடக் கூடாது. ஆனால் மூன்று மாதமாக அந்தப் பாழாய்ப்போன செத்த கட்டியைச் சுற்றியும் சிவந்துகொண்டிருந்தது. இன்னும் பத்து நாளில் விட்கோம் தலைமையில் கமிட்டி வருகிறது. அது வேண்டாம் என்றால் கூடத்தையும் மூடிவிடுவார்கள், லிஸ்கரின் யோசனையும் அதோடு போயிற்று.

டாக்டரைக் கேலி பண்ண ஏதாவது கிடைக்கும் என்றுதான் பெர்னி அவருடைய முட்டைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வேகவைத்தவை ஒன்பது. ஒன்பதிலும் ஒரு குழாய்கூடத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை அவளே வெட்டிய முட்டைகள் இருந்த தட்டை எடுத்தாள். அதே பண்ணை முட்டை, அதே கட்டி, அதே அடைகாப்புப் பெட்டி. அதிலும் வேகவைத்தவை ஒன்பது. ஒன்பதும் சிவப்பு. மெதுவாக நக அரத்தை எடுத்து, ஒரு கறுப்புக் காகிதத்தின்மேல் தட்டினாள். மாவு மாதிரி வெள்ளைத் தூள் கொட்டியது.

கடவுளே, நான்தானா? அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நாளையிலிருந்து தேய்க்காமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சிவப்பு தானாகப் போய்விடும், அவள் கைக்கு இருக்கிற பேரும் அப்படியே இருக்கும். ஆனால் தூள் செத்த கட்டியின் பக்கத்தில் மட்டும் பார்த்தா விழுந்திருக்கும்? உயிருள்ள கட்டி வைத்த முட்டைகளில் அவர்கள் கொண்டாடிய சிவப்பிலும் தூளுக்குப் பங்கு உண்டு. மூன்று மாதமும் குப்பை. அது தெரியாமல் லிஸ்கர் அதை எடுத்துக்கொண்டு விட்கோம் முன்னால் போய் நிற்பார். நினைக்கவே அவளுக்குப் பொறுக்கவில்லை.

அரத்தையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"டாக்டர், உங்க முட்டை என்னோடதை விட நல்லா இருக்கு."

"காலங்காத்தால கிண்டலா மிஸஸ் ஃபாலன்? கசாப்புக்கடை மாதிரி இருக்குன்னு எனக்கே தெரியும்."

"கசாப்புக்கடையேதான். ஆனா வேகவெச்ச ஒம்போதும் கம்முனு கெடக்கு. என்னோடது ஒம்போதும் செவந்திருக்கு." அரத்தை மேஜையில் வைத்தாள். "நான் வெளிம்பைத் தேய்க்கிறேன்ல, அந்த ஓட்டுத்தூள் உள்ள விழுந்து உறுத்துது. விட்கோம் சொன்னதுல பாதி சரிதான். மூணு மாசமா உங்க வாயில மண்ணைப் போட்டது நான்தான் டாக்டர்."

அவர் அரத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். சர்ஜன்கள் கத்துவார்கள் என்று தெரியும், அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"வெளிம்பு அழகா இருக்கு, அழகா இருக்குன்னு உங்களை மெச்சுனது யாரு?"

"நீங்கதான்."

"அப்ப இதுல பாதி என் தப்பு." எழுந்து சுவரில் குத்தியிருந்த முட்டைப் படங்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. குழாய் வர ரெண்டு நாள், நமக்குப் பத்து நாள் இருக்கு. இந்தத் தூள் சமாசாரம் விட்கோம் மண்டைக்கே எட்டல, தெரியுமா? உங்களுக்கு எட்டியிருக்கு."

அந்தப் பத்து நாளில் பெர்னி வேலையைப் புதிதாகப் படித்தாள். ஓட்டின்மேல் அகலமான டேப்பை ஒட்டி, டேப்போடு சேர்த்துக் கத்தரித்தாள், தூள் பசையில் சிக்கிக்கொண்டது. முட்டையின் மொட்டை முனையில் ஊசித்துளை போட்டுக் காற்றை இழுத்ததும் சவ்வு ஓட்டைவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டது. விளிம்பை அப்படியே பிசிறோடு விட்டாள். அதைத் தேய்க்கச் சொல்லிக் கை ஊறும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டாள். கட்டித் துண்டுகளை மட்டும் விட்கோமே கொடுத்தார். லிஸ்கர்தான் போய் அப்படிக் கேட்டிருந்தார். பன்னிரண்டு கிண்ணங்கள், மேலே எண் மட்டும். எது உயிருள்ளது, எது வெந்தது என்ற பட்டியல் விட்கோமின் கோட்டுப் பையில் இருந்தது.

கமிட்டி வந்தது. ஐந்து கோட்டுகள் அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டு நின்றன. லிஸ்கர் முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைத்தார். "மூணு மாச வேலை தப்பு. ஓட்டுத்தூள் விழுந்திருக்கு. கண்டுபிடிச்சது மிஸஸ் ஃபாலன். இந்தப் பன்னிரண்டையும் அவங்களே பாத்துச் சொல்வாங்க."

இதை அவர் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை.

"டெக்னீஷியனா?" என்றார் விட்கோம்.

"இந்தக் கட்டடத்துல முட்டையைப் படிக்கத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான்."

பெர்னிக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "ஒண்ணு, வந்திருக்கு. ரெண்டு, இல்ல. மூணு, இல்ல. நாலு, வந்திருக்கு." விட்கோம் பட்டியலில் பென்சிலால் சரி, சரி என்று குறி போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவதுக்குப் பிறகு பென்சில் மெதுவானது. ஒன்பதாவதில் அவள் கொஞ்சம் நின்றாள். ஒரு தடித்த குழாய் துண்டை ஒட்டியே போனது.

"இல்ல," என்றாள். "இது பக்கத்துல போகுது, அவ்வளவுதான். அதுக்காக வரல."

விட்கோம் பட்டியலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பத்து, பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவதை அவள் வைத்து, வாயைத் திறப்பதற்குள் அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டார்.

"இருங்கம்மா." மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் பாக்கிறேன்."

மூன்று வருஷமாக அந்த மைக்ராஸ்கோப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். பெர்னி எழுந்து ஸ்டூலைக் கொடுத்தாள். லிஸ்கரைத் திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை.

"ஒண்ணும் தெரியலையே, ஒரே கலங்கலா இருக்கு."

"கண்ணை ரொம்ப ஒட்டி வெக்காதீங்க சார். கொஞ்சம் தள்ளி. அசையாம இருங்க, குமிழை நான் திருப்புறேன்."

திருப்பினாள். பார்க்காமலேயே அவளுக்குத் தெரியும், எங்கே நிறுத்த வேண்டுமென்று. நாலா பக்கத்திலிருந்தும் நூல் நூலாகச் சிவப்புக் குழாய்கள், போன வழியை விட்டுத் திரும்பி, நடுவிலிருந்த வெள்ளைப் புள்ளியை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே குஞ்சின் இதயம் அடிக்க அடிக்க அத்தனையும் சேர்ந்து அதிரும். பின்னால் யாரோ இருமினார்கள். விட்கோம் நிமிரவில்லை. நரைத்த அந்தத் தலை குனிந்தபடியே இருக்க, அவருடைய கை மட்டும் மேஜைமேல் தடவிக்கொண்டு வந்து, குமிழில் இருந்த அவள் விரல்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"இன்னும் கொஞ்சம்," என்றார்.

அவள் திருப்பினாள்.