ஸ்தாபகரின் கார் ஊர் திரும்பியது

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எண்ணூறு மனிதர்களும் அவர்களைவிடச் சற்றே அதிகமான மாடுகளும் வாழும், வடக்கு டகோட்டாவின் ஹால்வோர்ஸ்பி மாநகரம், தன் நூற்றாண்டை முன்னிட்டு, தன்னை நிறுவிய பெருமகனாரின் காரைத் தாயகத்துக்கு வரவழைக்கிறது. அதை டெக்சாஸில் கண்டுபிடித்தவர் விழாக்குழுத் தலைவரும் வங்கி முதலாளியுமான செஸ்டர் ஃபோசம். விமானத்தில் போனார், காரோடு படம் எடுத்துக்கொண்டார், விமானத்தில் திரும்பினார்.

ஜனவரிக் குளிரில் அதை டிரெய்லரில் ஏற்றி இழுத்துவரும் பாக்கியம் ஆரின் ட்வெய்ட்டுக்கு வாய்த்தது. நகரசபையின் பனி வழிக்கும் வண்டியைத் தற்காலிகமாக ஓட்டுபவன். கார் பத்திரமாக வந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் மருத்துவக் காப்பீடு. அவன் மனைவி மார்லிஸ் இன்சுலினைப் பாதிப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நெப்ராஸ்கா தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அறையத் தொடங்கியது. ஆரின் பிக்கப் வண்டியை ஓரங்கட்டி இறங்கினான். காரைக் கட்டிய பட்டைகளின் கொக்கிகளில் பனி இறுகியிருந்தது. கையுறையோடு பிடி கிடைக்கவில்லை. கழற்றினால் இரும்பு தோலைப் பற்றிக்கொண்டது.

கூட வந்த மைத்துனன் லைல் ஜன்னலை விரலளவு இறக்கினான். "எங்க அக்காவக்கூட நீ இவ்வளவு பத்திரமா கூட்டிட்டுப் போனதில்ல, மாமா."

"அவளுக்கு நடக்கத் தெரியும்டா. ஜன்னல ஏத்து."

சாலை கண்ணாடியாய்க் கிடந்தது. ஒரு சரிவில் டிரெய்லர் வால் ஆட்டியது. ஆரின் பிரேக்கைத் தொடவில்லை. வேகத்தை மட்டும் மெல்லத் தளர்த்தினான். வண்டி நேரானது.

"வேண்டிக்கிட்டேன் மாமா."

"யாருக்கு?"

"காருக்கு. பதட்டத்துல நம்மள மறந்துட்டேன்."

ஹால்வோர்ஸ்பியில் தீயணைப்புக் கொட்டகையின் கணப்பில் காரை நிறுத்தினார்கள். கீறல்கூட இல்லை. ஃபோசம் ஆரினின் முதுகில் தட்டினார். விழாவில் இஞ்சினை ஒருமுறை உறுமவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

காரின் அடியில் நீர் சொட்டத் தொடங்கியது.

"பனி உருகுது," என்றான் லைல்.

கூரையில், மட்கார்டில் இருந்த பனியெல்லாம் உருகி முடிந்த பின்பும் சொட்டு நிற்கவில்லை. ஆரின் தரையில் மல்லாந்து படுத்து உள்ளே நுழைந்தான். இஞ்சினின் இரும்பில் ஒரு கை நீளத்துக்கு வெடிப்பு. கசிந்ததைத் தொட்டுப் பார்த்தான். உறையாமல் காக்கும் கூலன்ட்டின் பச்சை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. வெறும் தண்ணீர். வழியில் பனிக்கட்டியாக விரிந்து இரும்பைப் பிளந்திருக்கிறது. "கூலன்ட்டே இல்ல சார், வெறும் தண்ணி," என்றான் படுத்தபடியே. கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அந்தப் பச்சைத் தண்ணியா? டெக்சாஸ்ல படம் எடுக்கறப்ப அசிங்கமா ஒழுகிட்டிருந்துச்சு. நான்தான் வடிச்சிட்டு நல்ல தண்ணி ஊத்தச் சொன்னேன்," என்றார் ஃபோசம், சற்றும் கூசாமல். "நீ பார்த்திருக்க வேண்டாமா, ஆரின்?"

புறப்படும் முன் ஆரின் பட்டைகளைப் பார்த்திருந்தான், டயர்களைப் பார்த்திருந்தான், விளக்குகளைப் பார்த்திருந்தான். டகோட்டாவில் பிறந்தவன் எவனுக்கும் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கும் என்று கனவில்கூடத் தோன்றாது.

"பார்க்கல சார்," என்றான், வெளியே ஊர்ந்து வந்து.

"ஸ்தாபகர்கிட்ட நாம என்னப்பா பதில் சொல்றது?"

ஸ்தாபகர் செத்து எழுபது வருஷம். லைல் அதைச் சொல்ல வாயெடுத்தான். ஆரின் அவன் கையை அழுத்தினான்.

பனி வழிக்கும் வேலை ஃபோசமின் மருமகனுக்குப் போனது. கார் இப்போது நகர மன்றத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறது. கூண்டு, கார் டெக்சாஸிலிருந்து கிளம்பும் முன்பே, டிசம்பரிலேயே செய்து வந்துவிட்டது. அந்தக் காரை ஓட்டும் எண்ணம் எவருக்கும் எப்போதும் இருந்ததில்லை.