பிஸ்கட் டப்பாவில் புதைத்த பறவை

பெலார்மினோவின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு துர்பியால் பறவை சீழ்க்கையடித்தது. இந்தப் பக்கம் சந்துக் கிணற்றடியில் வாளியும் கையுமாக எவுதோசியா நின்றுவிட்டாள்.

அவளும் ஒரு துர்பியால் வளர்த்தவள்தான். ஆரஞ்சு நெஞ்சு, கறுப்புத் தலை. கனேலா என்று பெயர் வைத்து, கண் திறக்காத குஞ்சிலிருந்து வாழைப்பழம் பிசைந்து ஊட்டி வளர்த்தாள். பித்தப்பை அறுவைக்காக நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூண்டைப் பெலார்மினோவிடம் விட்டுச் சென்றாள். அவர் அவள் மகளுக்கு ஞானத்தகப்பன், அவளுக்குக் கொம்பாத்ரே; அவருக்கு அவள் கொமாத்ரே. அந்த உறவு ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். பன்னிரண்டு நாள் கழித்து அவள் திரும்பியபோது கயிறு போட்டுக் கட்டிய பிஸ்கட் டப்பா ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"வெயில் தாங்கல கொமாத்ரே. திறந்து பாக்காதீங்க, எறும்பு அரிச்சிடுச்சு."

அவள் திறக்கவில்லை. முற்றத்துக் குஹி மரத்தடியில் புதைத்து, ஆறு மாதமாக ஞாயிறுதோறும் பூ வைத்தாள். அந்தப் பறவைக்கு அவர் மூன்று முறை விலை கேட்டிருந்ததும், அவள் மூன்று முறையும் மறுத்ததும் ஒருநாள்கூட அவள் நினைவுக்கு வரவில்லை.

இப்போது வந்தது.

ஆனாலும் சந்தேகம். எல்லாத் துர்பியாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சுவருக்குப் பின்னால் இருந்தது வால்ட்ஸ் மெட்டு ஒன்றை அடித்தது. கனேலாவுக்கு வால்ட்ஸ் தெரியாது. அதற்குத் தெரிந்தது வீட்டுச் சீழ்க்கை மட்டும்தான். அவர்கள் ஊரான சான் இலாரியோவில் வீட்டுக்கு ஒரு சீழ்க்கை உண்டு. கதவைத் தட்டும் பழக்கம் அங்கே கிடையாது. அவள் கணவன் நிக்கானோர் உயிரோடிருந்த காலத்தில் ஆடுகளோடு திரும்பும்போது தெருமுனையிலிருந்து மூன்று சுரம் அடிப்பான். உள்ளேயிருந்து அவள் இரண்டு சுரம் பதில் அடிப்பாள். அவன் போன பிறகு மூன்றை அவள் அடிக்க, அந்த இரண்டையும் அடித்தது கனேலா.

மறுநாள் அதே நேரத்தில் கிணற்றடிக்குப் போய் மூன்று சுரம் அடித்தாள். பதிலில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு நாளும் வாளியை இறக்குமுன் மூன்று தடவை, நிரம்பிய பின் மூன்று தடவை. ஐந்தாம் நாள், தனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றுகூடப் பயந்தாள். ஒன்பதாம் நாள் சுவருக்கு அப்பாலிருந்து இரண்டு சுரம் வந்தது.

அப்போதே கத்தியிருக்கலாம். அவள் கத்தவில்லை. யாருமில்லாத சந்தில் கிடைக்கும் நியாயம் அவளுக்குப் போதாது. திருவிழாவுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. தினமும் தண்ணீர் எடுத்தாள், சீழ்க்கையடித்தாள், வழியில் பார்த்தால் "எப்படி இருக்கீங்க கொம்பாத்ரே?" என்று சிரித்தாள்.

திருவிழாவன்று சதுக்கத்தில் பறவைப் போட்டி. பெலார்மினோ புதுச் சட்டையோடு கூண்டின் துணியை விலக்கினார்.

"கோரோவிலேர்ந்து வாங்கினது. முழு வால்ட்ஸும் அடிக்கும்" என்றார்.

"நீ பாடறதவிட நல்லாத்தான் இருக்கும்!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

பறவை தொடங்கியது. பாதி மெட்டு வந்ததும் கூட்டத்தின் நடுவிலிருந்து எவுதோசியா மூன்று சுரம் அடித்தாள். வால்ட்ஸ் அறுந்தது. பறவை அவள் பக்கம் திரும்பி இரண்டு சுரம் அடித்தது. அவள் மறுபடி அடித்தாள். அது மறுபடி பதில் சொன்னது.

"நிக்கானோரோட சீழ்க்கை இல்ல?" என்றார் ரொட்டிக் கடைக்காரர். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"கொமாத்ரே, எடுத்துக்கிட்டுப் போங்க. வீட்டுக்குப் போய் பேசிக்கலாம்" என்று கூண்டை நீட்டினார் பெலார்மினோ.

"என் வீட்டுக்கே போலாம். எல்லாரும் வாங்க."

சதுக்கமே பின்னால் வந்தது. குஹி மரத்தடியில் அவள் விரலால் காட்டினாள்.

"தோண்டுங்க."

"ஒரு மண்வெட்டியாவது..."

"நான் கையாலதான் புதைச்சேன்."

புதுச் சட்டையோடு மண்டியிட்டுத் தோண்டினார். துருப்பிடித்த டப்பா வந்தது. உள்ளே கறுப்பு இறகுகள், முழுக்கக் கறுப்பு. ஆட்டுப்பட்டியில் ஈ பொறுக்கித் திரியும் தொர்தோக் குருவி.

"அடப்பாவி, தொர்தோவுக்கா ஆறு மாசம் பூ வச்சா?" என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தானா செத்ததா, கழுத்தத் திருகினீங்களா?" என்று எவுதோசியா கேட்டாள். அவர் நகக்கண்ணிலிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொமாத்ரே, மன்னி..."

"கொமாத்ரேங்கற வார்த்தை வேணாம். இனிமே எம் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் இல்ல. டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க, சென்யோர் பெலார்மினோ."

பதினெட்டு வருடத்தில் அவரை அவள் அந்நியரைப் போல 'சென்யோர்' என்றது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு, டப்பாவைப் பார்த்தபோதுகூட நிமிராத அவர் தலை நிமிர்ந்தது. பிறகு இன்னும் கீழே போனது.

கனேலா வீடு திரும்பிய பிறகும் அந்த வால்ட்ஸை மறக்கவில்லை. மறக்கடிக்கலாம், துணி போட்டு மூடினால் ஒரு மாதம் போதும் என்றார்கள். எவுதோசியா துணி போடவில்லை. கூண்டைத் தெருப்பக்க ஜன்னலில் மாட்டினாள். பெலார்மினோ கோவிலுக்கோ கடைக்கோ போக அந்தத் தெருவை விட்டால் வேறு வழி கிடையாது. அவர் வருவது தெரிந்தால் ஒரு துண்டு வாழைப்பழத்தோடு ஜன்னலுக்குப் போவாள். பழத்தைக் கண்டதும் கனேலா, அவர் சொல்லிக்கொடுத்த வால்ட்ஸைப் பிசகில்லாமல் முழுக்க அடிக்கும்.